நிற்கும் மரமும் வீழும் மரமும்

ஓர் ஊர் புதிதாக எழும்பும்போது முதலில் விழுவது மரம். வீடும் கடையும் சாலையும் பள்ளியும் தோன்றுவதற்கு முன், அந்நிலத்தில் பல்லாண்டுகளாக நின்ற மரங்களுள் எதனை விடுவது, எதனை வெட்டுவது என்னும் வினா எழுகின்றது. சிறியதாகத் தோன்றும் இவ்வினாவிற்கு நீண்ட வரலாறு உண்டு. அரசர் ஆணையும், வணிகர் கணக்கும், சட்டத்தின் வாசகமும், அறிவியலின் ஆய்வும் காலந்தோறும் இதற்கு வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. அவ்விடைகளை நாம் வாழும் மலேசிய, சிங்கப்பூர் மண்ணில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராயுங்கால் மூன்று கேள்விகளை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மரத்தை மதிப்பிடுபவர் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு மதிப்பிடுகிறார்? எப்பொழுது மதிப்பிடுகிறார்? முதலிரண்டு கேள்விகளைப் பலரும் கேட்பர். மூன்றாவதைக் கேட்பவர் சிலரே. ஆயினும், மரத்தின் வாழ்வும் சாவும் பெரும்பாலும் அம்மூன்றாம் கேள்வியிலேயே அடங்கியுள்ளன என்பதை வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

பழந்தமிழர் கண்ட மரம்

தமிழருக்கு இவ்வினா புதிதன்று. சங்க கால மன்னர்கள் தத்தமக்கெனக் காவல் மரம் ஒன்றைப் போற்றி வந்தனர். பகைவனை வென்றவன் முதலில் செய்த செயல்களுள் ஒன்று அக்காவல் மரத்தை வெட்டி வீழ்த்தியதாகும். சேரமன்னன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரது கடம்ப மரத்தைத் தடிந்து முரசு செய்துகொண்ட செய்தியைப் பதிற்றுப்பத்து நமக்கு அறிவிக்கின்றது. மறுபுறம், நற்றிணையின் 172ஆம் பாடலில், விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்துவிட்ட விதையிலிருந்து முளைத்த புன்னை மரம், வீட்டுப் பெண்களுக்கு உடன்பிறந்தவளாகவே கருதப்படுவதைக் காண்கிறோம்.

ஒரு மரம் பெருமையின் சின்னமாக நின்றமையால் வீழ்ந்தது. மற்றொன்று உறவாக வளர்ந்தமையால் நின்றது. இரண்டிடத்தும் மரத்தின் மதிப்பு அதன் கட்டையில் இல்லை. அதனைச் சூழ வாழ்ந்த மக்களின் உள்ளத்தில் இருந்தது. கடல் கடந்து நம் முன்னோர் வந்து சேர்ந்த மலாயாவிலோ மரத்திற்கு முற்றிலும் வேறான கணக்கொன்று காத்திருந்தது.

காடு தடையாக இருந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலும் தீவகற்பத்திலும் காடு என்பது நீக்கப்பட வேண்டிய தடையாகவே கருதப்பட்டது. சிங்கப்பூரில் காம்பீரும் மிளகும் பயிரிட்டவர்கள் காட்டை அழித்து நிலத்தைப் பண்படுத்தினர். காம்பீர் இலையைக் காய்ச்சுவதற்கு விறகு ஏராளமாகத் தேவைப்பட்டமையால், தோட்டத்தைச் சுற்றியிருந்த காடும் அடுப்பிற்கு இரையாயிற்று. சில ஆண்டுகளில் மண் வளம் குன்றியதும் தோட்டத்தைக் கைவிட்டு அடுத்த காட்டிற்குச் சென்றனர். அக்காலத்தில் எந்த மரத்தை விடுவது என்று கேட்டவர் எவருமிலர்.

1883ஆம் ஆண்டில், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பிலிருந்த நத்தானியல் கேன்ட்லி என்பவர் நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி ஓர் அறிக்கை அளித்தார். காடுகள் அழிந்துவிட்ட நிலையை அவ்வறிக்கை எடுத்துரைத்தது. அதன் பயனாகக் காப்புக்காடுகள் ஒதுக்கப்பட்டன. கோலாலம்பூரில் புக்கிட் நானாஸ் குன்று 1906இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. மரத்தைக் காக்கும் எண்ணம் இவ்வாறு அரசாங்க ஏட்டில் முதன்முதலாக இடம்பெறலாயிற்று. ஆயினும், காக்கப்பட்டது நிலப்பகுதியே அன்றித் தனிமரம் அன்று. காப்புக்காட்டின் எல்லைக்கு அப்பால் நின்ற மரம் எத்துணைப் பழமை வாய்ந்ததாயினும் அதற்குப் பாதுகாப்பு இல்லை.

பால்மரத்திற்கு வந்த அளவு

தனிமரத்தை ஒவ்வொன்றாக அளந்து மதிப்பிடும் பழக்கத்தை இந்நாட்டில் பரவலாக்கியது ரப்பர்த் தோட்டமே எனலாம். 1876இல் பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ பூங்காவிற்குக் கொண்டு செல்லப்பட்ட விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுள் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாருக்கு அனுப்பப்பெற்று, அங்கே ஹியூ லோ என்னும் ஆங்கிலேய அதிகாரியால் நடப்பட்டன. 1888 முதல் சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநராகப் பணியாற்றிய ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டறிந்து பரப்பினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழர்கள் பல்லாயிரவராக இந்நாட்டிற்கு வந்தனர்.

தோட்டத்தில் ஒவ்வொரு மரமும் அளக்கப்பட்டது. அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 45 முதல் 50 சென்டிமீட்டர் வரை வளர்ந்த பின்னரே அதில் கத்தி வைப்பர். இளமரத்தில் கத்தி வைத்தால் மரம் தேய்ந்துவிடும் என்பதை மரம் சீவிய நம் பாட்டன்மார் நன்கு அறிவர். பட்டை வறண்ட மரம் எது, காற்றில் முறியும் மரம் எது, இன்னும் எத்தனை ஆண்டு பால் தரும் மரம் எது என்பனவற்றை அவர்கள் நடந்துகொண்டே சொல்லக்கூடியவர்களாக இருந்தனர். எழுத்தறியாதவர் எனப்பட்ட அம்மக்கள் மரமதிப்பீட்டில் தேர்ந்தவர்களாக விளங்கினர் என்பதை இன்றைய மாணவர்கள் அறிதல் நலம்.

இம்மதிப்பீடு அறிவியலாக வளர்ந்த இடங்களுள் ஒன்று சிலாங்கூரிலிருந்த பிராங் பெசார் தோட்டம். முதலாம் உலகப் போரில் பங்குபெற்ற ஆங்கிலேய அதிகாரிகள் 1921இல் தொடங்கிய தோட்டமாதலின், பெரும்போர் எனப் பொருள்படும் அம்மலாய்ப் பெயரை அது பெற்றது. ஆயிரக்கணக்கான மரங்களின் பாலை அளந்து, மிகுதியாகப் பால் சுரந்த மரங்களைத் தாய்மரங்களாகத் தெரிந்தெடுத்து, அவற்றின் மொட்டுகளை ஒட்டுக்கட்டி அங்கே புதிய வகைகளை உருவாக்கினர். பி.பி. 86 என்னும் வகை அத்தோட்டத்தின் பெயரைத் தாங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது.

ஆனால், அந்த அளவுகோலுக்கு ஓர் எல்லை இருந்தது. பால் குறைந்த மரம் பயனற்ற மரம் என்பதே அதன் முடிந்த முடிபு. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் கடந்ததும் காடு முழுவதும் வெட்டி மறுநடவு செய்யப்பட்டது. இதற்கு விலக்காக நின்ற மரமும் உண்டு. கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட மரங்களுள் ஒன்று, மாவட்ட நில அலுவலகத்தின் அருகே, பாலுக்காக அன்றி வரலாற்றுக்காக வேலியிட்டுக் காக்கப்பட்டது. பயன் முடிந்த பின்னும் மதிப்பு முடிவதில்லை என்பதற்கு அம்மரம் ஒரு சான்றாகும்.

சட்டம் எடுத்த அளவுநாடா

தனியார் நிலத்தில் நிற்கும் மரத்தையும் பொதுநலன் கருதிக் காக்கலாம் என்னும் கருத்து இங்கிலாந்தின் நகர அமைப்புச் சட்டங்களில் உருப்பெற்றது. 1932ஆம் ஆண்டுச் சட்டம் மரப் பாதுகாப்பு ஆணைக்கு வழிவகுத்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வலுப்படுத்தியது. தன் நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கும் பிறர் அனுமதி வேண்டும் என்பது அக்காலத்தில் புரட்சிகரமான கருத்தேயாகும்.

சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், ஃபேரர் சதுக்கத்தில் பிரதமர் லீ குவான் இயூ ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டு மரநடு இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். 1971இல் மரநடு நாள் ஏற்பட்டது. நடுவதோடு நின்றுவிடாமல் நின்றதைக் காக்கவும் வேண்டும் என்பதற்காக 1975இல் பூங்கா, மரங்கள் சட்டம் இயற்றப்பட்டது. 1991இல் இரு வட்டாரங்கள் மரப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அங்கே ஒரு மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள மரத்தை அனுமதியின்றி வெட்டுதல் குற்றமாயிற்று. 2001இல் மரபு மரத் திட்டம் தொடங்கப்பெற்று, முதிர்ந்த தனிமரங்கள் பெயரும் எண்ணும் பெற்றன.

மலேசியாவில் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1995இல் திருத்தப்பட்டபோது மரப் பாதுகாப்பு ஆணை என்னும் பகுதி அதனுள் சேர்க்கப்பட்டது. ஆணை பிறப்பிக்கப்படாத மரமாயினும், அதன் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்டிருப்பின் ஊராட்சியின் அனுமதியின்றி அதனை வெட்டலாகாது. இறந்துபட்ட மரமும், உடனடி ஆபத்தை விளைவிக்கும் மரமும் இதற்கு விலக்கு. அளவு எடுக்க வேண்டிய இடத்தையும் சட்டமே வரையறுக்கின்றது: தரையிலிருந்து அரை மீட்டர் உயரம், அவ்வுயரத்திற்கு மேலும் பலகை வேர் இருப்பின் அதற்குச் சற்று மேலே. தோட்டத்தில் பாலுக்காக எடுக்கப்பட்ட அளவுநாடா, இங்கே மரத்தின் உயிருக்காக எடுக்கப்படுவதை நாம் காண்கிறோம்.

இவ்வரைமுறையினும் சிறப்புடைய இன்னொன்று அத்திருத்தத்தில் உண்டு. மேம்பாட்டுக்கு அனுமதி கோருவோர் அளிக்கும் அறிக்கையில் அந்நிலத்தின் மரங்களையும் பிற தாவரங்களையும் பற்றிய அளவாய்வு இடம்பெற வேண்டும் என்பதே அது. கட்டடத்தின் வடிவத்தைக் காட்டும்போதே மரத்தின் இருப்பையும் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கின்றது. நாம் தொடக்கத்தில் குறித்த மூன்றாம் கேள்விக்கு, அதாவது எப்பொழுது என்னும் கேள்விக்கு, சட்டம் தந்த விடை இதுவேயாகும்.

மரத்தின் உடலைப் படித்தவர்கள்

சுற்றளவு மட்டும் மரத்தின் நலத்தைச் சொல்லிவிடாது. பெருத்த மரம் உள்ளே பொக்கையாக இருக்கலாம். மெலிந்த மரம் நூறாண்டு வாழலாம். மரத்தின் உள்ளுடலை விளக்கிய அறிஞர்களுள் தலையாயவர் அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ. 1930இல் பிறந்து 2006இல் மறைந்த இவர், ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி வாளால் நெடுக்காகப் பிளந்து, அழுகல் பரவும் முறையை ஆராய்ந்தார். மனித உடலில் புண் ஆறுவதைப்போல் மரத்தின் புண் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் சுவர் எழுப்பி, அதனை அடைத்துவைத்துப் புதிய வளையங்களை வளர்த்துக்கொள்கிறது என்பதே அவர் கண்ட உண்மை. 1970களில் வெளிவந்த இக்கருத்து மரம் வளர்ப்போரின் பழக்கங்களை மாற்றியது. காயத்திற்குத் தார் பூசுவதும், பொந்தில் சிமிட்டி அடைப்பதும் பயனற்றவை என உணரப்பட்டன.

ஜெர்மன் நாட்டு இயற்பியல் அறிஞர் கிளாஸ் மத்தேக் 1990களில், மரத்தைக் கண்ணால் நோக்கி மதிப்பிடும் முறையை ஒழுங்குபடுத்தினார். மரத்தில் தோன்றும் புடைப்பு, பிளவு, அடியில் முளைத்த காளான், ஒருபுறம் சாய்ந்த வளர்ச்சி ஆகியவை மரம் பேசும் மொழி என்பது அவரது கொள்கை. மருத்துவர் முதலில் நோயாளியை நோக்கிப் பின்னரே கருவியை எடுப்பதைப்போல், மதிப்பீட்டாளரும் முதலில் நோக்குகிறார். ஐயம் எழுந்தால் மட்டுமே துளையிட்டும் ஒலி அனுப்பியும் உள்ளே ஆராய்கிறார்.

கட்டுமான நிலத்திற்கென்றே ஒரு முறையைப் பிரிட்டிஷ் தரநிலை 5837 வகுத்தது. 1980இல் முதன்முதலாக வெளியிடப்பட்டுப் பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்ட இத்தரநிலை பல நாட்டு வல்லுநர்க்கும் வழிகாட்டியாயிற்று. அதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு மரங்களை நான்கு வகையாகப் பிரிக்கின்றது. இன்னும் 40 ஆண்டுகளேனும் வாழக்கூடிய உயர்ந்த மரங்கள் முதல் வகை. 20 ஆண்டுகளேனும் வாழக்கூடிய நல்ல மரங்கள் இரண்டாம் வகை. குறைந்தது 10 ஆண்டுகள் வாழக்கூடிய எளிய மரங்களும், அடிமரம் 15 சென்டிமீட்டர் விட்டத்திற்குக் குறைந்த இளமரங்களும் மூன்றாம் வகை. பத்தாண்டும் தாங்காதவை நான்காம் வகை. இவை பெரும்பாலும் நீக்கத்திற்கு உரியவை. மரம் இன்று எவ்வளவு அழகாக உள்ளது என்பதைவிட, கட்டடம் எழும்பிய பின் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதே இங்குக் கேட்கப்படும் கேள்வி என்பதைக் கவனித்தல் வேண்டும்.

அத்தரநிலை வேருக்கும் இடம் ஒதுக்குகின்றது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதனைப் பன்னிரண்டால் பெருக்கினால் வேர்க்காப்பு வட்டத்தின் ஆரம் கிடைக்கும். மாணவர்கள் வகுப்பறையிலேயே இதனைக் கணக்கிடலாம். சுற்றளவு 188 சென்டிமீட்டர் உள்ள தூங்குமூஞ்சி மரமொன்றை எடுத்துக்கொள்வோம். அதனை 3.14ஆல் வகுத்தால் விட்டம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். பன்னிரண்டால் பெருக்க, ஆரம் 7.2 மீட்டர். வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 163 சதுர மீட்டர். ஏழு மீட்டர் அகலமும் ஒன்பது மீட்டர் நீளமும் உடைய வகுப்பறைகள் இரண்டரைக்கு இது சமம். ஒரு மரத்தை விடுகிறோம் என்று சொல்பவர் அத்துணைப் பெரிய நிலத்தையும் விடுகிறாரா என்பதே உண்மையான சோதனை.

மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்திற்கு வேர் செல்லும் என்று பலர் நம்புகின்றனர். வேர்களின் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் 60 சென்டிமீட்டருக்குள்ளேயே பரவுகின்றது என்பதே உண்மை. ஆகவே, அடிமரத்தில் கோடரி படாமலேயே மரத்தைக் கொன்றுவிட முடியும். கனரக வண்டிகள் மண்ணை இறுக்கினாலும், அடிமரத்தைச் சுற்றி மண்ணை நிரப்பினாலும், சாக்கடைக்குக் குழி வெட்டினாலும் வேர் மூச்சடைத்துப்போகும். மரம் உடனே சாவதில்லை. சில ஆண்டுகள் கழித்து, மேம்பாட்டாளர் தம் பணியை முடித்துச் சென்ற பின், மெல்ல மெல்லப் பட்டுப்போகின்றது. அப்போது பழி வெயில்மீது விழுகின்றது.

முன்னே கேட்ட கேள்வியும் பின்னே கேட்ட கேள்வியும்

காலத்தே செய்யும் மதிப்பீட்டின் பயனைக் கோலாலம்பூர்க் கோபுரத்தின் வரலாறு காட்டுகின்றது. 421 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரத்தின் கட்டுமானம் 1991இல் தொடங்கிற்று. அது எழுந்த இடம் முன்னர்க் குறிப்பிட்ட புக்கிட் நானாஸ் குன்று. அங்கே நூறாண்டைக் கடந்த ஜெலுத்தோங் மரமொன்று நின்றது. ஜெலுத்தோங்கும் ஒரு பால்மரமே. மெல்லும் மிட்டாய் செய்வதற்கு அதன் பால் ஒரு காலத்தில் பெரிதும் பயன்பட்டது. அம்மரத்தை வீழ்த்தாமல் அதற்கெனத் தடுப்புச் சுவர் எழுப்பிக் காத்தனர். இதற்கு 4 இலட்சத்து 30 ஆயிரம் வெள்ளி செலவாயிற்று. கோபுரம் 1996இல் மக்களுக்குத் திறக்கப்பட்டபோது மரமும் அதனருகே நின்றது.

பெருஞ்செலவு என்று இதனைச் சிலர் கருதலாம். ஆயினும், மரத்தைக் காக்கும் முடிவு கோடரி வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டமையால்தான் அச்செலவிற்கும் பயன் இருந்தது. அதேவேளை, ஒரு மரத்தைக் காத்ததனால் காட்டையே காத்ததாகிவிடாது என்பதையும் கூறியாக வேண்டும். ஏறத்தாழ 17.5 எக்டர் பரப்பில் தொடங்கிய அக்காப்புக்காடு ஏறத்தாழ 9.4 எக்டராகச் சுருங்கிவிட்டது. தனிமரத்திற்குக் காட்டிய பரிவு, காட்டின் எல்லை குறைந்தபோது காட்டப்படவில்லை.

இதற்கு மாறான நிகழ்ச்சியொன்றைச் சிங்கப்பூர் 2021இல் கண்டது. பழைய மலாயா இரயில் பாதையை ஒட்டிக் கிராஞ்சியில் வளர்ந்திருந்த காட்டின் ஒரு பகுதி, சூழலாய்வு முடிவுறுவதற்கு முன்னரே தவறுதலாக வெட்டப்பட்டுவிட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் செய்தி வெளிவந்தபோது பொதுமக்கள் பெரிதும் வருந்தினர்; அரசாங்கமும் விசாரணை நடத்தியது. அங்கே நின்றவை பெரும்பாலும் அல்பீசியா மரங்கள். அவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. விரைந்து வளர்ந்து எளிதில் முறிபவை. தனித்தனியே மதிப்பிட்டிருந்தால் அவற்றுள் பல தாழ்ந்த வகையிலேயே சேர்ந்திருக்கக்கூடும். ஆயினும், பறவைகளுக்கும் சிற்றுயிர்களுக்கும் அம்மரங்கள் அனைத்தும் சேர்ந்து ஒரு காடாக விளங்கின. மரத்தை எண்ணுவதோடு தோப்பையும் எண்ண வேண்டும் என்னும் பாடத்தை அந்நிகழ்ச்சி தந்தது. அதனினும் பெரிய பாடம் ஒன்றுண்டு: வெட்டிய பின் செய்யும் ஆய்வு, மரண விசாரணை மட்டுமே.

நிற்கும் மரத்தின் அபாயம்

மரம் எதனையும் வெட்டலாகாது என்று வாதிடுவது இக்கட்டுரையின் கருத்தன்று. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் 270 ஆண்டுகளுக்கு மேற்பட்டதென மதிப்பிடப்பட்ட தெம்புசு மரம் வேரோடு சாய்ந்து ஒரு பெண்மணியின் உயிரைக் கவர்ந்தது. நாற்பது மீட்டர் உயரமுள்ள அம்மரம் மரபு மரமாகப் போற்றப்பட்டது; அதற்குச் சில மாதங்கள் முன்னர்ப் பரிசோதிக்கப்பட்டு நலமாக உள்ளதெனவும் கண்டறியப்பட்டது. 2024ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் பெருமரமொன்று வீழ்ந்து ஒருவர் மாண்டார். பல வாகனங்கள் நசுங்கின.

இத்தகைய துயரங்களுக்குப் பின் ஊரெங்கும் மரங்களை வெட்டும் குரல் எழுவது இயல்பே. ஆனால், அச்சத்தில் எழும் கோடரியும் பேராசையில் எழும் கோடரியும் மரத்திற்கு ஒன்றுதான். முறையான மதிப்பீடு இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கின்றது. எந்த மரம் விழக்கூடும், விழுந்தால் யார்மீது விழும், கிளையைக் குறைத்தால் போதுமா, நடைபாதையை மாற்றினால் போதுமா என்று வரிசையாகக் கேட்கின்றது. எல்லாம் கேட்ட பின்னும் ஆபத்து நீங்காவிடில், வெட்டுவதே அறம். உள்ளழுகிய மரத்தைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் விட்டுவைப்பது மரத்தின்பால் அன்பாகாது. மக்கள்பால் பொறுப்பின்மையே ஆகும்.

நம் பள்ளிகளும் கோயில்களும்

இவ்வரலாறு நமக்கு எவ்வகையில் உரியது என்று ஆசிரியர் சிலர் வினவக்கூடும். மலேசியாவின் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் மிகப் பல தோட்டங்களில் பிறந்தவை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, லயங்களோடும் கோயில்களோடும் பள்ளிகளோடும் மரங்களும் மேம்பாட்டு நிலத்தின் பொருள்களாயின. தாய்மரங்களைத் தெரிந்தெடுத்துப் புகழ்பெற்ற பிராங் பெசார் தோட்டமும் அவற்றுள் ஒன்று. 1995இல் புத்ராஜெயா நகரின் கட்டுமானம் தொடங்கியபோது அத்தோட்டமும் அண்டைத் தோட்டங்களும் நகருக்கு நிலமாயின. அங்கு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஒவ்வொரு மரத்தின் பாலையும் துளித்துளியாக அளந்த நிலம் அது.

யான் பணியாற்றிய தோட்டப் பள்ளியொன்றிலும் இத்தகைய நிகழ்ச்சி நேர்ந்தது. பள்ளித் திடலின் ஓரத்தில் முதிர்ந்த தூங்குமூஞ்சி மரமொன்று இருந்தது. காலைக்கூட்டம், விளையாட்டுப் போட்டி, பெற்றோர் சந்திப்பு யாவும் அதன் நிழலிலேயே நடந்தன. மேம்பாட்டாளர் பள்ளி வாரியத்தையும் பெற்றோரையும் முதன்முறையாக அழைத்த நாளில், சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் மரம் நின்ற இடம் வண்டி நிறுத்துமிடமாக இருந்தது. வந்தவர்கள் பண்புடனேயே பேசினர். மரத்தைப் பற்றிப் பெரியவர் ஒருவர் கேட்டதற்கு, வரைபடத்திற்கு அனுமதி கிடைத்து ஓராண்டாயிற்று, இனி மாற்றினால் சாக்கடையும் சாலையும் எல்லாமே மாறும் என்றனர். அவர்கள் கூறியதில் பொய்யில்லை. ஓராண்டுக்கு முன் அதே வண்டி நிறுத்துமிடத்தை இருபது மீட்டர் நகர்த்துவதற்குப் பென்சிலும் அழிப்பானும் போதுமானவையாக இருந்திருக்கும். அந்த ஓராண்டில் எவரும் எங்களை அழைக்கவில்லை.

கோயில் மரங்களின் கதையும் இதனோடு ஒப்புடையதே. தோட்டத்து மாரியம்மனுக்கும் முனீஸ்வரருக்கும் அரசும் ஆலும் நிழலாயின. கோயிலை வேறிடத்தில் எழுப்பலாம். முதிர்ந்த அரசமரத்தைப் பெயர்த்து நடுவது அரிது. அரசின் வேர் சுவரைப் பிளக்கும் தன்மையது என்பதும் உண்மையே. ஆகவே, அம்மரத்தை விட வேண்டுமாயின் கட்டடத்தைத் தள்ளி அமைக்க வேண்டும். இதுவும் வரைபடத்தில் செய்ய வேண்டிய பணியே அன்றி, மண்வாரி இயந்திரத்தின் முன் படுத்துச் செய்ய வேண்டிய பணியன்று.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது

பள்ளியில் உள்ள மரங்களுக்கு ஓர் ஏடு திறத்தல் முதற்பணி. மரத்தின் பெயர், சுற்றளவு, கிளை விரிவு, அடியில் காளான் அல்லது பொந்து உள்ளதா என்பவற்றை மாணவர்களைக் கொண்டே ஆண்டுக்கொருமுறை எழுதச் செய்யலாம். சுற்றளவு 80 சென்டிமீட்டரைக் கடந்த மரங்களைத் தனியே குறிக்கலாம். பரப்பும் விட்டமும் கணிதத்தில் வரும். வேரும் காளானும் அறிவியலில் வரும். மரத்தைப் பற்றி முதியோரிடம் கேட்டறிவது வரலாற்றில் வரும். கேட்டதை எழுதுவது தமிழில் வரும். ஒரே மரம் நான்கு பாடங்களுக்கு ஆசானாகின்றது.

அவ்வேட்டினால் இன்னொரு பயனும் உண்டு. நிலம் கைமாறுகின்றது என்னும் பேச்சு எழுந்தவுடனேயே, பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நகராண்மைக் கழகத்திடம் அவ்வேட்டின் படியொன்றைக் கொடுத்து, மரங்களின் அளவாய்வு எங்கே என்று கேட்கலாம். கேட்பவர் கையில் அளவும் ஆண்டும் இருந்தால், உணர்ச்சி என்று அதனை எவரும் ஒதுக்கிவிட இயலாது.

காவல் மரத்தை வீழ்த்திய வேந்தர் காலத்திலிருந்து, பாலை அளந்த தோட்டக்காலம் வழியாக, வேருக்கு வட்டம் வரையும் இக்காலம் வரை மரத்தை மதிப்பிடும் அளவுகோல் பலமுறை மாறியுள்ளது. இனியும் மாறும், கருவிகள் இன்னும் கூர்மையாகும். ஆயினும், எந்தக் கருவியாலும் வெட்டுண்ட மரத்தை மதிப்பிட்டு எழுப்ப இயலாது. கோடு வரையப்படும் முன் கேட்பவனுக்கே மரம் மிஞ்சும். அக்கேள்வியைக் காலத்தே கேட்கும் துணிவையும் அறிவையும் நம் மாணவர்க்கு ஊட்டுதல் ஆசிரியராகிய நம் கடன்.